வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போது பாம்புக்கு வெயில் தாங்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைப்பூசம் முடிந்த கையோடு மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் பக்கம் வெயில் ஏற ஆரம்பித்துவிடும். ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும் காலம் அது. லயத்து வீடுகளுக்கு இருந்த கொஞ்ச நிழலும் போய்விடும். கல்யாணம், பங்குனி உத்திரம், பள்ளி விடுமுறை என்று வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்ப வேண்டி வருவதும் அப்போதுதான். பால் பைத்தான் (ball python), கார்ன் ஸ்னேக் (corn snake) என்னும் விஷமில்லாத பாம்புகளை வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட வாக்கிலேயே சேர்த்திருக்கிறோம். முதலில் இருந்து வரிசையாகப் படியுங்கள். ஒரு முறை சொன்னதைப் பின்னால் மறுபடி விளக்கவில்லை.

பாம்பே வெயில் காயுற ஜந்துதானே அண்ணே, சூடு அதை என்ன செஞ்சிடப் போகுது?

வெயில் காயும், சரி. போதும் என்று தோன்றினால் எழுந்து போய்விடவும் செய்யும். பாம்புக்கு வியர்க்காது. சுற்றியிருக்கும் சூடு எதுவோ, கொஞ்ச நேரத்தில் அதுவே அதன் உடம்புச் சூடு. அதைக் குறைக்க அதற்குத் தெரிந்த ஒரே வழி, இடம் மாறுவது. பால் பைத்தானின் சொந்த மண்ணான மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் அது பகல் நேரத்தில் எலி வளைக்குள்ளோ கறையான் புற்றுக்குள்ளோ கிடக்கும். வெளியே கொளுத்தினாலும் மண்ணுக்கடியில் அவ்வளவு ஏறாது.

உங்கள் பெட்டிக்குள் அந்த வளை கிடையாது. பெட்டி முழுக்க ஒரே சூடாகிவிட்டால் அது போக்கிடம் இல்லாமல் மாட்டிக்கொள்ளும். வெயிலில் சாகும் வளர்ப்புப் பாம்புகள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன.

எத்தனை டிகிரிக்கு மேல போனா பயப்படணும்?

பெட்டியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். பால் பைத்தானுக்குச் சூடான முனை 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த முனை 25 முதல் 27. கார்ன் ஸ்னேக்குக்குச் சூடான முனை 28 முதல் 30, குளிர்ந்த முனை 23 முதல் 26. இவை நீங்கள் வீட்டில் இருக்கும் சாதாரண நாளுக்கு. வெளியூர் போகும் நாட்களில் ஒரே ஓர் எண்ணை மனதில் வைத்தால் போதும்: குளிர்ந்த முனை எந்த நேரத்திலும் 32-ஐத் தாண்டக்கூடாது. மதியம் இரண்டு மூன்று மணி நேரம் 30, 31 என்று நின்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. 35-ல் மணிக்கணக்காக அடைபட்டுக் கிடந்தால் உயிருக்கு ஆபத்து. 38-ஐத் தொட்டுவிட்டால் நீங்கள் திரும்பி வரும்வரை அது தாங்கும் என்று நம்ப முடியாது.

பிளட் பைத்தான், பிரேசில் ரெயின்போ போவா இரண்டுக்கும் இந்த எல்லையை 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளட் பைத்தான் நம் தீபகற்பத்துப் பாம்பாயிற்றே என்று சிலர் வாதாடுவார்கள். அது செம்பனைத் தோட்டத்துச் சேற்றிலும் ஈரச் சருகுக்கடியிலும் கிடந்து பழகிய பாம்பு. தகரக் கூரைக்குக் கீழே அல்ல.

நம்ம ஊர்ல அவ்வளவு சூடு வருதா என்ன? போன்ல பார்த்தா 33, 34-தான் காட்டுது.

போன் காட்டுவது வெளியே, நிழலில், காற்றோட்டத்தில் அளந்த சூடு. அதுவே தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 வரை போனால் மலேசிய வானிலை ஆய்வுத் துறையான மெட்மலேசியா முதல் நிலை எச்சரிக்கை விடுகிறது. 37-ஐத் தாண்டி 40 வரை மூன்று நாள் நீடித்தால் இரண்டாம் நிலை, அதாவது வெப்ப அலை. நாட்டில் இதுவரை பதிவான உச்சம் பெர்லிஸ் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி அளந்த 40.1 டிகிரி. சூப்பிங் நமக்கு ரொம்ப தூரம் இல்லை.

பாம்புக்கு வெளிச்சூட்டைவிட வீட்டுக்குள் இருக்கும் சூடுதான் முக்கியம். ஆள் இருக்கும் வீட்டில் ஜன்னல் திறந்திருக்கும், கதவு திறந்து மூடும், சாயங்காலம் காற்று வரும். பூட்டிய வீட்டில் இது எதுவும் நடக்காது. சீலிங் இல்லாத தகரக் கூரை வீட்டில் மதியம் வெளியே இருப்பதைவிட உள்ளே சூடு அதிகம். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் மாடி அறைச் சுவர் பகலில் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளியே விட்டுக்கொண்டிருக்கும்.

அப்போ என் வீட்டுச் சூட்டை நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஒத்திகை பாருங்கள். குறைந்த அளவு, அதிக அளவு இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். நீளக் கம்பியோடு சென்சார் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை நல்லது. வெயில் கொளுத்தும் ஒரு நாளாகப் பார்த்து, காலையிலிருந்து வீட்டை ஊருக்குப் போவது போலவே முழுக்கப் பூட்டிவையுங்கள். சென்சாரைப் பாம்பு ஒளியும் கூட்டுக்குள், குளிர்ந்த முனையில், தரையோடு ஒட்டி வையுங்கள். ராத்திரி வந்து அதிக அளவு எவ்வளவு என்று பாருங்கள். 30-க்குள் நின்றால் பாதிக் கவலை தீர்ந்தது. 33, 34 என்று காட்டினால் கீழே வருவதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்ய வேண்டும். பாம்பை உள்ளே வைத்துக்கொண்டு ஒத்திகை பார்க்காதீர்கள். அன்றைக்கு அதை வேறு குளிர்ந்த அறைக்கு மாற்றிவிடுங்கள்.

கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் வெப்பமானியை நம்ப வேண்டாம். மூன்று நான்கு டிகிரி தவறாகக் காட்டுவது அதற்குச் சாதாரணம். துப்பாக்கி போலிருக்கும் அகச்சிவப்பு வெப்பமானி கண்ணாடியைத் தாண்டி அளக்காது, கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும். உங்கள் சென்சார் சரியா என்று பார்க்க, நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி அதன் நடுவில் முக்குங்கள். 0-க்கு ஒரு டிகிரி முன்பின் காட்டினால் சரி.

வீட்ல எந்த இடம் பெஸ்ட்டு?

கீழ்த்தளம், கிழக்கு அல்லது வடக்குப் பக்கம், சிமெண்ட் அல்லது மொசைக் தரை. மேசைமேல், அலமாரிமேல் வேண்டாம். ஒரே அறையில் தரைக்கும் ஆறடி உயரத்துக்கும் மூன்று டிகிரி வித்தியாசம் வருவதுண்டு. கீழ்த்தளச் சிமெண்ட் தரை மண்ணோடு ஒட்டியிருப்பதால் மதியம் மூன்று மணிக்கும் ஓரளவு குளிர்ந்தே இருக்கும். அதனால் பெட்டியை நேராகத் தரையில் வையுங்கள். அடியில் பலகையோ நுரைத்தாளோ போட்டால் அந்தக் குளிர்ச்சி பெட்டிக்கு ஏறாது.

பழைய வீடுகளில் குளிக்கும் அறைதான் முதல் தேர்வு, அதிலும் சிமெண்ட் தண்ணீர்த்தொட்டி கட்டியிருக்கும் அறை. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தால் பகல் சூட்டை அதுவே பெருமளவு வாங்கிக்கொள்ளும். ஆனால் தரையில் இருக்கும் சாக்கடை ஓட்டையை வலைக்கம்பி வைத்து மூடுங்கள், கழிப்பறைத் தொட்டியின் மூடியையும் போட்டுவிடுங்கள். பெட்டியிலிருந்து தப்பித்த பாம்பு முதலில் தேடுவது இந்த மாதிரி ஓட்டைகளைத்தான்.

மேற்குப் பார்த்த ஜன்னல் இருக்கும் அறையைத் தவிர்த்துவிடுங்கள். கண்ணாடித் தொட்டியில் அரை மணி நேரம் நேர் வெயில் விழுந்தால் உள்ளே 40-ஐத் தாண்டும். காலையில் நிழலாக இருந்த இடத்தில் நாலரை மணிக்கு வெயில் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கூரையிலிருந்து நேராக இறங்கும் அனலும் உண்டு. சீலிங் இல்லாத வீடானால் பெட்டிக்கு ஓர் அடி மேலே பொலிஸ்டைரின் பலகையோ தடித்த அட்டையோ பிடித்து நிற்கும்படி செய்யுங்கள். பெட்டியின் காற்றுத் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள்.

காத்தாடியைப் போட்டுட்டுப் போனா போதாதா?

காத்தாடி நமக்குக் குளிர்ச்சி தருவது வியர்வையை உலர்த்துவதால். பாம்புக்குத்தான் வியர்வையே இல்லையே. அறை 35 என்றால் 35 டிகிரிக் காற்றை அதன்மேல் ஊதிவிடும், அவ்வளவுதான். கூடவே பெட்டியின் ஈரத்தையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் காய வைத்துவிடும். அறையின் மேல்பக்கச் சூட்டை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் காத்தாடி கொஞ்சம் உதவும். மேசைக் காத்தாடியை நாட்கணக்கில் ஆளில்லாத வீட்டில் ஓட விடுவது, பாம்பை விடுங்கள், வீட்டுக்கே நல்லதல்ல.

ஹீட் மேட்டை ஓன் பண்ணி வச்சிட்டுப் போகணுமா, கழட்டிடணுமா?

ஹீட் மேட் என்பது பெட்டிக்குச் சூடு தரும் மின்விரிப்பு. அதைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவுங்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இருக்கிறதே என்பார்கள். தெர்மோஸ்டாட்டின் சென்சார் நகர்ந்து பெட்டிக்கு வெளியே விழுந்தால் அது அறைச் சூட்டைப் பார்த்து மேட்டை விடாமல் எரிக்கும். நீங்கள் இருக்கும்போது அது ஒரு மணி நேரத் தொல்லை, இல்லாதபோது பாம்பின் உயிர். நம் பக்கம் ராத்திரியில் 24, 25-க்குக் கீழே போவது அபூர்வம். பகலில் 28, 29 தானாகவே வரும். ஒன்றிரண்டு வாரத்துக்கு பால் பைத்தானுக்கு இது தாராளம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு: அறையில் ஏர்கோன் (ஏசி) விடாமல் ஓடும் என்றால். அதைக் கீழே பார்க்கலாம்.

ஐஸ் பாட்டில் வைக்கலாம்னு சொல்றாங்களே?

வைக்கலாம், ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால்தான். 1.5 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்க உறைய வையுங்கள். கழுத்துவரை நிரப்பினால் உறையும்போது வெடிக்கும். துண்டால் ஒரு சுற்றுச் சுற்றி, பெட்டிக்கு வெளியே, குளிர்ந்த முனைப் பக்கச் சுவரோடு ஒட்டி வையுங்கள். பெட்டிக்குள் வைக்க வேண்டாம். வியர்த்து வழியும் தண்ணீர் அடிப்படுக்கையை நனைத்து, வயிற்றுச் செதிலில் புண் வர வழி செய்யும்.

ஒரு பாட்டில் ஐஸ் உருகி அறைச் சூட்டுக்கு வரும்வரை உறிஞ்சும் வெப்பத்தை ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் நான்கைந்து நிமிடத்தில் வெளியேற்றிவிடும். அதனால் பாட்டிலை வைத்து அறையைக் குளிரவைக்க முடியாது, சின்னப் பெட்டியைத்தான் முடியும். சந்தையில் மீன் வரும் பெரிய பொலிஸ்டைரின் பெட்டி ஒன்றை நன்றாகக் கழுவிக் காயவைத்து, பாம்பின் பிளாஸ்டிக் டப்பாவை அதற்குள் இறக்கி, மறுமுனையில் ஒரு பாட்டில் வைத்து, மூடியைக் கால்வாசி திறந்து வைத்தால், மதியத்தின் மோசமான மூன்று நான்கு மணி நேரத்தைத் தாண்டலாம். முதலில் காலி டப்பாவோடு செய்து சூட்டை அளந்துவிடுங்கள். மூடியை முழுக்க மூடி இரண்டு பாட்டில் வைத்தால் 20-க்குக் கீழே இறங்கிவிடும், மூச்சு விடவும் காற்று போதாது. ஒரு நாளைக்கு ஒரு முறையாவது பாட்டிலை மாற்ற ஆள் இல்லையென்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

அப்போ கரண்டும் வேணாம், ஆளும் வேணாம், அப்படி ஏதாவது இருக்கா?

இருக்கிறது, இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இதுதான். எதை முதலில் நம்புவது என்று கேட்டால், கரண்ட் போனாலும் வேலை செய்வதை நம்புங்கள். மெருகு போடாத மண் பூந்தொட்டி ஒன்றை எடுத்து, விளிம்பில் பாம்பு நுழையும் அளவுக்கு உடைத்து, உடைந்த முனையை அரத்தால் மழுப்பி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, குளிர்ந்த முனையில் கவிழ்த்து வையுங்கள். பானைத் தண்ணீர் குளிரும் அதே முறைதான்: மண்ணின் நுண்துளை வழியே தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துப் போகும். நடுமதியத்தில் காற்றின் ஈரப்பதம் 55, 60 சதவீதத்துக்கு இறங்கும்போது இது நன்றாக வேலை செய்யும், இரண்டு மூன்று டிகிரி குறையும். காற்றில் ஈரம் ஏறிவிடும் ராத்திரியில் பலன் இருக்காது, அப்போது தேவையும் இருக்காது. தொட்டி ஒன்றிரண்டு நாளில் காய்ந்துவிடும். காய்ந்த பிறகும் அது இருட்டான, தடித்த சுவருள்ள ஒரு வளைதான்.

இதோடு இரண்டு தண்ணீர்க் கிண்ணம். ஒன்று பாம்பு முழுதாகச் சுருண்டு இறங்கும் அளவு, கனமான பீங்கான். அது இறங்கினால் வழியாதபடி பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம். இன்னொன்று சின்னது, குடிக்க. ஒன்றில் அசிங்கம் செய்துவிட்டால் மற்றது இருக்கும். அடியில் ஐந்து சென்டிமீட்டருக்குத் தேங்காய் நார்த்தூள் போட்டு, குளிர்ந்த முனையில் மட்டும் கைப்பிடியில் பிழிந்தால் சொட்டாத அளவு ஈரம் வையுங்கள். வலை மூடியின் மேல் ஈரத்துணி போடுவதானால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடாதீர்கள். முழுக்க மூடினால் காற்றோட்டம் நின்று பெட்டி புழுங்கும். புழுக்கம் வெறும் சூட்டைவிட மோசம்.

ஏர்கோன் இருக்கு. எத்தனைல வைக்கிறது? பில்லு எகிறிடாதா?

27-ல் வையுங்கள். 18, 20 வேண்டாம். பால் பைத்தான் நாள்கணக்கில் 22-க்குக் கீழே கிடந்தால் நெஞ்சுச் சளி பிடிக்கும், அதைக் குணமாக்குவது பெரும்பாடு. காலை பதினொன்று முதல் மாலை ஏழு வரை ஓடும்படி ஏர்கோனின் சொந்த டைமரில் போடுங்கள். சின்ன அறை, கதவு மூடி, திரை இழுத்து, ஒரு குதிரைத்திறன் இன்வெர்ட்டர் வகை என்றால் எட்டு மணி நேரத்துக்குத் தோராயமாக நான்கைந்து யூனிட் வரும். மூன்று நாள் பயணத்துக்கு அது பெரிய காசில்லை. பிளக் டைமர் வைத்து ஏர்கோனின் மின்சாரத்தையே வெட்டி வெட்டிக் கொடுக்காதீர்கள், கம்ப்ரெசர் கெட்டுவிடும்.

ஏர்கோன் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். தோல் உரிக்கப் போகும் பாம்பென்றால் தோல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். மேலே சொன்ன மண்தொட்டியும் ஈர நார்த்தூளும் ஏர்கோன் அறையிலும் தேவை. ராத்திரியும் ஏர்கோன் ஓடும் என்றால் மட்டும் ஹீட் மேட்டை விட்டுவைக்கலாம். சென்சாரை டேப் போட்டு ஒட்டுங்கள், தெர்மோஸ்டாட்டை 30-க்கு மேல் வைக்காதீர்கள்.

சாயங்காலம் இடி மின்னல்ல மெயின் விழுந்துட்டா என்ன பண்றது?

நம் பக்கம் ஏர்கோனை நம்புகிறவர்களை இதுதான் கவிழ்க்கிறது. மதியம் வெயில், நாலு மணிக்கு மின்னல், மெயின் பெட்டியில் மின்கசிவு பிரேக்கர் விழுந்து கரண்ட் நின்றுவிடும். வீட்டில் ஆள் இருந்தால் தட்டிவிட்டு டீ குடிக்கப் போவோம். ஆளில்லாத வீட்டில் அது மூன்று நாளும் விழுந்தே கிடக்கும். இருக்கிற அறைகளிலேயே நன்றாக மூடி அடைத்தது ஏர்கோன் அறைதான் என்பதால், ஏர்கோன் நின்றுவிட்டால் மறுநாள் மதியம் மற்ற அறைகளைவிட அது வேகமாகச் சூடேறவும் கூடும்.

முதலில் ஒரு சோதனை: ஏர்கோன் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் பிரேக்கரை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். தானாகத் திரும்ப ஓடுகிறதா, ரிமோட்டுக்குக் காத்திருக்கிறதா? டைமர் அமைப்பு அப்படியே இருக்கிறதா, அழிந்துவிட்டதா? தானாக ஓடாத ரகம் என்றால் ஒரு நிமிட மின்தடைகூட உங்கள் திட்டத்தை முடித்துவிடும். விழுந்த பிரேக்கரைத் தானாகத் திரும்ப ஏற்றிவிடும் கருவி கிடைக்கிறது. லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துத்தான் பொருத்த வேண்டும். அதைவிட மலிவான வழி, மெயின் பெட்டி எங்கே இருக்கிறது, எந்தச் சுவிட்ச் என்று பக்கத்து வீட்டாருக்குப் படம் எடுத்து அனுப்புவது. போகும் முன் வாட்டர் ஹீட்டர், டிவி, வாஷிங் மெஷின் பிளக்குகளை உருவிவிடுங்கள். கசிவு வரும் சாமான் குறைந்தால் பிரேக்கர் விழுவதும் குறையும்.

ஏர்கோனை யுபிஎஸ்ஸில் ஓட்டலாமா என்று கேட்பார்கள். கணினிக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் தாங்காது. அதில் வைஃபை மோடத்தைப் போடுங்கள். வைஃபை வெப்பமானி ஒன்றையும் பாம்பின் கூட்டில் வைத்து, 31-ஐத் தொட்டால் போனுக்குச் செய்தி வரும்படி செய்துவிட்டால், குறைந்தது விஷயம் உங்களுக்குத் தெரியும்.

எத்தனை நாள் தீனி இல்லாம விட்டுட்டுப் போகலாம்?

நல்ல உடம்போடு இருக்கும் பெரிய பாம்பு இரண்டு மூன்று வாரம் தீனியில்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. குட்டிக்கு ஒரு வாரம், பத்து நாள். தண்ணீர் மட்டும் ஒரு நாளும் இல்லாமல் இருக்கக்கூடாது. தவறு பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் நடக்கிறது: ‘பாவம், பசிக்குமே’ என்று கிளம்பும் ராத்திரி பெரிய எலியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சூடு ஏறினால் செரிக்காத இரையைக் கக்கிவிடும். கக்கிய இரை பூட்டிய பெட்டியில் அழுகும். கடைசித் தீனி ஐந்து முதல் ஏழு நாளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். எச்சம் போட்டு, பெட்டியைச் சுத்தம் செய்துவிட்டுக் கிளம்பினால் நிம்மதி.

பக்கத்து வீட்டு அக்காகிட்ட சாவி கொடுக்கலாம், ஆனா பாம்புன்னா அலறுவாங்க...

பாம்பைத் தொடவோ பெட்டியைத் திறக்கவோ யாரும் அவரிடம் கேட்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, அந்தச் சாவியை நீங்களே எடுத்துப் போங்கள். வெப்பமானியின் முகப்பைக் கதவுக்குப் பக்கத்தில், பாம்பு கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். கம்பி நீளமாக இருக்கும் வகையை வாங்கச் சொன்னது இதற்கும்தான். இரண்டு மணி வாக்கில் ஒரு முறை எட்டிப் பார்த்து எண்ணைப் படம் பிடித்து அனுப்பினால் போதும். ஐஸ் பாட்டில் மாற்றுவதும் பெட்டிக்கு வெளியேதான். ‘32-க்கு மேல் இருந்தால் எனக்குப் போன் பண்ணுங்க, மெயின் விழுந்திருந்தால் தட்டிவிடுங்க’ என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். மருத்துவரின் எண்ணும் அதிலேயே இருக்கட்டும்.

கூடவே கார்ல கொண்டு போயிட்டா என்ன?

பாத்து கேவ்ஸுக்குப் போகும் வழியில் ஓய்வெடுக்கும் இடத்தில் சாப்பிட இறங்குவீர்கள். வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே அரை மணியில் 50-ஐத் தாண்டிவிடும். பயணம் முழுக்க ஒருவர் ஏர்கோனோடு காரிலேயே உட்கார்ந்திருப்பார் என்றால் மட்டும் யோசியுங்கள். மூன்று நான்கு நாளுக்குள் திரும்புவதென்றால் குளிர்ந்த அறையில் விட்டுப் போவதே பாம்புக்கு நிம்மதி.

பெட் ஷாப்ல விட்டுட்டுப் போகலாமா?

ஏர்கோன் ராத்திரி கடை அடைத்த பிறகும் ஓடுமா என்று கேளுங்கள். பக்கத்துப் பெட்டிப் பாம்புகளில் உண்ணி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இரண்டுக்கும் திருப்தியான பதில் இல்லையென்றால் வேண்டாம்.

வெயில் காலத்துல எறும்பு மொய்க்குதே, அதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?

மருந்தே அடிக்காதீர்கள். பூச்சிமருந்து ஸ்பிரே, கொசுவத்திச் சுருள், பாச்சை உருண்டை எதுவும் அந்த அறையில் கூடாது. மழையில்லாத நாட்களில் எறும்பு தேடி வருவது கிண்ணத்துத் தண்ணீரையும் எச்சத்தையும்தான். தோல் உரிக்கும் நிலையில் இருக்கும் பாம்பையோ குட்டியையோ செவ்வெறும்புக் கூட்டம் கடித்தே கொன்றுவிடும். பெட்டியை ஒரு அகலமான தட்டில் வைத்து, சுற்றிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். சாப்பாட்டு அலமாரியின் கால்களைத் தண்ணீர் டின்னில் நிறுத்தும் பழைய வழக்கம்தான். சோப்பு கலக்காவிட்டால் எறும்பு தண்ணீர்ப் பரப்பின்மேல் நடந்து வந்துவிடும். தட்டு வைத்தால் தரைக் குளிர்ச்சி போய்விடுமே என்றால், மெல்லிய தகரத் தட்டாக எடுங்கள்.

டெங்கி புகை அடிக்க வந்தா? நான் வீட்ல இருக்க மாட்டேனே.

புகையில் இருப்பது கொசுவைக் கொல்லும் பூச்சிமருந்து, ஊர்வனவற்றுக்கும் நல்லதல்ல. வீடு பூட்டியிருந்தால் வெளியே மட்டும்தான் அடிப்பார்கள். ஆகவே பாம்பு அறையின் ஜன்னலையும் கதவடி இடைவெளியையும் துணி வைத்து அடைத்துவிட்டுப் போங்கள். சாவி வைத்திருப்பவரிடம், ‘புகை அடிக்கிறவங்க வந்தா அந்த அறையைத் திறந்துவிடாதீங்க’ என்று சொல்லுங்கள். நல்ல மனதோடு எல்லா அறையையும் திறந்துவிடுவதுதான் வழக்கம்.

ஃப்ரீசர்ல எலி வச்சிருக்கேன். கரண்ட் போய் வந்திருந்தா எப்படித் தெரியும்?

ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, ஐஸ்மேல் ஐம்பது சென் காசு ஒன்றை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் சரி. ஐஸுக்குள்ளோ அடியிலோ போயிருந்தால் இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். எலியையெல்லாம் தூக்கிப் போடுங்கள். உங்கள் கோழி, மீனையும்தான்.

முட்டை இன்குபேட்டர்ல இருக்கு. அது தானாப் பார்த்துக்கும்ல?

சாதாரண இன்குபேட்டருக்குச் சூடேற்ற மட்டும்தான் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. பால் பைத்தான் முட்டைக்கு 31, 32 டிகிரி வேண்டும், குஞ்சு வர ஏறக்குறைய 55 முதல் 60 நாள் ஆகும். அறையே 35-க்குப் போனால் இன்குபேட்டர் அணைந்து நிற்கும், முட்டை 35-லேயே வெந்துகொண்டிருக்கும். குஞ்சு சாகும், அல்லது முதுகெலும்பு வளைந்து பிறக்கும். ஆகவே இன்குபேட்டர் இருக்கும் அறையின் உச்சச் சூடு 30-க்குள் நிற்க வேண்டும். மேலே சொன்ன ஒத்திகையை அந்த அறைக்கும் செய்யுங்கள். உள்ளே மூன்று நான்கு பாட்டில் தண்ணீரை அறைச் சூட்டில் வைத்தால் ஏற்ற இறக்கம் மெதுவாகும். முட்டை இருக்கும்போது நீண்ட பயணம் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

தோட்டத்துல பிடிச்ச மலைப்பாம்பு வச்சிருக்கேன். அதுக்கும் இதேதானா?

அதற்கு முதலில் வேறு கேள்வி இருக்கிறது. மலைப்பாம்பு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். செம்பனைத் தோட்டத்தில் பாம்பு அகப்பட்டால் பொம்பா எனும் தீயணைப்புத் துறையையோ பொதுத் தற்காப்புப் படையையோ கூப்பிடுவதுதான் முறை. லைசென்ஸ் உள்ள பாம்பென்றால் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். உடம்பு பெரிது என்பதால் ஒரு முறை சூடேறினால் இறங்கவும் அதிக நேரம் பிடிக்கும். அதற்கேற்ற பெரிய தண்ணீர்த் தொட்டி இல்லாமல் விட்டுப் போகக்கூடாது.

திரும்பி வந்து பார்த்தா தண்ணிக் கிண்ணத்துலயே கிடக்கு. சூட்டுனாலயா?

இருக்கலாம். முதலில் வெப்பமானியின் அதிக அளவைப் பாருங்கள். 30-ஐத் தாண்டவில்லை என்றால் வேறு இரண்டு காரணம் உண்டு: தோல் உரிக்கப் போகிறது, கண் பால் நிறமாக இருக்கும், அல்லது உண்ணி, கிண்ணத்துத் தண்ணீரில் மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளிகள் மிதக்கும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

வாயைத் திறந்துக்கிட்டு, தலையை மேல தூக்கித் தூக்கி ஆடுது. என்ன செய்யணும்?

இது சூடு தலைக்கேறிய நிலை. மல்லாக்கப் புரட்டினால் திரும்பிக்கொள்ள முடியாமல் கிடந்தால் இன்னும் மோசம். உடனே வீட்டின் குளிர்ந்த இடத்துக்கு, 25, 26 டிகிரிக்கு, மாற்றுங்கள். ஒரு டப்பாவில் பாம்பின் உடம்புத் தடிமனில் பாதி உயரத்துக்கு 26 டிகிரி வாக்கில் தண்ணீர் ஊற்றி அதில் விடுங்கள், தலையைக் கையில் தாங்கிப் பிடியுங்கள். மதிய நேரத்தில் குழாயைத் திறந்து அப்படியே ஊற்றாதீர்கள். கூரைத் தொட்டித் தண்ணீர் அப்போது சுடும். குளிக்கும் அறைத் தொட்டியில் கிடக்கும் தண்ணீரை மொண்டு, வெப்பமானியால் அளந்து ஊற்றுங்கள்.

ஐஸ், ஐஸ் தண்ணீர், ஃப்ரிட்ஜ் மூன்றும் கூடாது. திடீர்க் குளிர் தோல் பக்க ரத்த நாளங்களைச் சுருக்கி உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற விடாது, அதிர்ச்சியிலும் செத்துப்போகும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பதினைந்து இருபது நிமிடத்தில் தெளிந்து நாக்கை நீட்ட ஆரம்பித்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகமும் மூளையும் பட்ட பாதிப்பு சில நாள் கழித்துத்தான் தெரியும். எல்லாக் கால்நடை மருத்துவரும் பாம்பு பார்ப்பதில்லை. சுங்கை பட்டாணியிலோ பினாங்கிலோ ஊர்வன பார்ப்பவர் யார் என்று பயணத்துக்கு முன்பே விசாரித்து வையுங்கள். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, ஆனால் இங்கிருந்து அது பல மணி நேர ஓட்டம். கொண்டு போகும்போது துணிப்பையில் போட்டு முடிச்சிட்டு, பொலிஸ்டைரின் பெட்டிக்குள் வைத்து, கார் ஏர்கோனை முன்கூட்டியே ஓடவிட்டுக் குளிர்ந்த பிறகு ஏற்றுங்கள். அடுத்த ஒரு வாரத்துக்குத் தீனி கொடுக்காதீர்கள், தண்ணீர் மட்டும் இருக்கட்டும்.